வன்னியில் ஒரு தலைக்கணக்கு

1981-ஆம் வருஷம் திருநெல்வேலிச் சீமையில் ஒரு சிறு கிராமத்தில் நான் ஆரம்பப் பள்ளி வாத்தியாராக இருந்தேன். ஜனத்தொகைக் கணக்கு எடுக்கும் வருஷம் அது. சர்க்காருக்கு எப்போது ஆள் தேவைப்பட்டாலும் முதலில் ஞாபகத்துக்கு வருகிறவர்கள் வாத்தியார்கள்தாம். தேர்தலா, அம்மைத் தடுப்பா, ஆடு மாடு கணக்கா, கூப்பிடு வாத்தியாரை! எனக்கும் ஒரு கட்டுக் காகிதமும் ஒரு பென்சிலும் வந்து சேர்ந்தன. இரண்டு நாள் பயிற்சி என்று தாலுகாக் கச்சேரியில் உட்கார வைத்தார்கள். அங்கே கற்றுக்கொண்டதில் ஒன்றே ஒன்றுதான் இன்றைக்கும் மனத்தில் நிற்கிறது. ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். ஒரே கூரையின் கீழ் இரண்டு அடுப்பு எரிந்தால் இரண்டு குடும்பம். உறவு முறை எல்லாம் பிறகுதான்.

இதை வைத்துக்கொண்டு நான் தெருத் தெருவாகப் போனேன். கடைசி வீட்டில் ஓர் ஆச்சியும் அவளுடைய விதவை மகளும் இருந்தார்கள்.

“வீட்டில் எத்தனை பேர் ஆச்சி?” என்று கேட்டேன்.

“மூணு பேருய்யா.”

“மூன்றாவது ஆள் எங்கே?”

“மவன் பம்பாய்க்குப் போயிருக்கான். நாலு வருஷமாச்சு. காயிதம் ஒண்ணும் இல்ல.”

“அப்படியானால் இரண்டு பேர் என்றுதானே எழுத வேண்டும்?”

“அவனுக்கும் சேத்துத்தான் நான் உலை வைக்கேன்” என்றாள் ஆச்சி.

நான் இரண்டு என்றுதான் எழுதினேன். சட்டம் அப்படி. அந்த மாதம் முழுவதும் வெளியூரில் இருப்பவனை இங்கே எண்ணக் கூடாது. அவன் எங்கே இருக்கிறானோ அங்கே எண்ணிக்கொள்வார்கள். பம்பாயில் அவனை எண்ணினார்களா, எண்ணுவதற்கு அவன் இருந்தானா என்பது எனக்கு எப்படித் தெரியும்? ஆனால், என் காகிதம் சரியான காகிதம். மேலதிகாரி ஒரு குறையும் சொல்லவில்லை.

இந்தச் சின்ன விஷயத்தை இத்தனை வருஷத்துக்குப் பிறகு எடுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வீடு இருக்கிறது, தெரு இருக்கிறது, அடுப்பு எரிகிறது, எண்ணுகிறவனுக்கும் எண்ணப்படுகிறவனுக்கும் பகை ஒன்றும் இல்லை. அப்படிப்பட்ட இடத்திலேயே மூன்றா, இரண்டா என்ற தகராறு வந்துவிடுகிறது. வீடே இல்லாமல், இன்றைக்கு இந்த ஊர், நாளைக்கு எந்த ஊர் என்று தெரியாமல் ஓடுகிறவர்களை எண்ணுவது எப்படி? அதை யார் செய்கிறார்கள்? அந்தக் கணக்கை நம்பி அரிசி அனுப்புகிறவர்கள் எந்தத் தைரியத்தில் அனுப்புகிறார்கள்?

முதலில் ஒரு வார்த்தையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நாம் சாதாரணமாக எல்லோரையும் ‘அகதி’ என்று சொல்லிவிடுகிறோம். உலக சட்டம் அப்படிச் சொல்லவில்லை. தன் தேசத்து எல்லையைத் தாண்டி வந்தவன்தான் அகதி. அவனுக்கு 1951-ஆம் வருஷத்து ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது; அவனைக் கவனிக்க ஜெனீவாவில் ஒரு காரியாலயம் இருக்கிறது. எல்லையைத் தாண்டாமல், அதே தேசத்துக்குள்ளேயே வீட்டை விட்டு ஓடினவனுக்கு வெகு காலம் வரையில் ஒரு பெயர்கூட இல்லை. அவன் அந்த நாட்டுச் சர்க்காரின் பிரஜை, அந்தச் சர்க்காரே பார்த்துக்கொள்ளும் என்பது ஏற்பாடு. பல சந்தர்ப்பங்களில் அவனை ஓட வைத்ததே அந்தச் சர்க்கார்தான் என்பதை ஏற்பாடு செய்தவர்கள் கவனிக்கவில்லை போலும்.

1982-இல் அமெரிக்காவில் அகதிகளுக்கான ஒரு குழு முதன்முதலாக இவர்களை எண்ணிப் பார்த்தது. பதினொரு தேசங்களில் 12 லட்சம் பேர் என்று கணக்கு வந்தது. 1995-இல் நாற்பதுக்கு மேற்பட்ட தேசங்களில் இரண்டு கோடி முதல் இரண்டரைக் கோடி வரை என்றார்கள். பதின்மூன்று வருஷத்தில் உலகம் இருபது மடங்கு கெட்டுப் போய்விட்டதா? கெட்டது உண்மைதான். ஆனால், ஒரு பங்கு, எண்ண ஆரம்பித்ததால் வந்தது. 1992-இல் பிரான்சிஸ் டெங் என்ற சூடான் தேசத்து ராஜதந்திரியை ஐக்கிய நாடுகள் சபை இந்த விஷயத்துக்கென்றே நியமித்தது. அவர் முயற்சியில் 1998-இல் வழிகாட்டும் கோட்பாடுகள் என்று ஒரு சாஸனம் தயாராயிற்று. உள்நாட்டிலேயே இடம்பெயர்ந்தவர் யார் என்பதற்கு அப்போதுதான் ஓர் இலக்கணம் கிடைத்தது. அதே வருஷம் நார்வே நாட்டு அகதிகள் சபை ஜெனீவாவில் இதற்கென்று ஒரு கணக்குப்பிள்ளை அலுவலகத்தைத் திறந்தது. 2024-ஆம் வருஷ முடிவில் அவர்கள் சொன்ன தொகை 8 கோடியே 34 லட்சம்.

வெறும் ஆராய்ச்சி ருசிக்காக இந்தக் கணக்கை எடுப்பதில்லை. நிவாரண ஸ்தாபனங்கள் தங்களுக்குள் ஓர் அளவு வைத்திருக்கின்றன. ஓர் ஆளுக்கு நாளைக்குப் பதினைந்து லிட்டர் தண்ணீர், இருபது பேருக்கு ஒரு கக்கூஸ், ஓர் ஆளுக்கு நாளைக்கு 2,100 கலோரி உணவு என்கிற மாதிரி. இவை எல்லாமே பெருக்கல் கணக்குகள். பெருக்கப்படுகிற எண் தப்பாக இருந்தால் லாரியும் தப்பு, கப்பலும் தப்பு.

அப்படி ஓர் எண் தப்பான, அல்லது தப்பாக்கப்பட்ட கதை நமக்கு மிகவும் பக்கத்தில், ராமேசுவரத்துக்கு அந்தக் கரையில் நடந்தது. 2008, 2009 வருஷங்களில் வன்னியில் நடந்த தலைக்கணக்கைச் சொல்கிறேன்.

இலங்கையில் ஜில்லா நிர்வாகத்தைக் கச்சேரி என்றுதான் இன்றைக்கும் சொல்கிறார்கள். நம் பக்கத்தில் கலெக்டர் கச்சேரி போய்ச் சங்கீதக் கச்சேரி மட்டும் மிஞ்சியிருக்கிறது. அங்கே இரண்டும் இருக்கின்றன. கச்சேரிக்குத் தலைவர் அரசாங்க அதிபர். அவருக்குக் கீழே உதவி அதிபர்கள். அடிமட்டத்தில், நம்முடைய பழைய கிராமக் கணக்கப்பிள்ளையைப் போல, கிராம சேவகர். வெளியூர்க்காரருக்கு நம்பச் சிரமமாக இருக்கும் ஒரு சங்கதி என்னவென்றால், வன்னியில் ஆட்சி விடுதலைப் புலிகளிடம் இருந்த காலம் முழுவதும் இந்தக் கச்சேரிகள் அங்கே வேலை செய்துகொண்டுதான் இருந்தன. சம்பளம் கொழும்பிலிருந்து வந்தது. பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கொழும்பு அரசின் கணக்கில்தான் நடந்தன. ஒவ்வொரு கிராம சேவகரிடமும் தம் பிரிவின் குடும்பப் பட்டியல் இருந்தது. 2001-இல் இலங்கை முழுவதற்கும் ஜனத்தொகைக் கணக்கு எடுக்கப் போனபோது, இருபத்தைந்து ஜில்லாக்களில் பதினெட்டில்தான் பூர்த்தி செய்ய முடிந்தது. ஆகவே, 1981-க்குப் பிறகு, அதாவது நான் ஆச்சி வீட்டு வாசலில் பென்சிலோடு நின்ற அதே வருஷத்துக்குப் பிறகு, வன்னி ஜனங்களைப் பற்றிய கணக்கு என்று சொல்ல இருந்ததெல்லாம் இந்தக் கிராம சேவகர்களின் பட்டியல்தான்.

சில வருஷங்களுக்கு முன் திருச்சியில் ஒரு கல்யாண வீட்டில், வடக்கே ஒரு கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரைச் சந்தித்தேன். நானும் கணக்கு எடுத்தவன் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். அவர் சிரித்தார்.

“மாஸ்டர், நீங்கள் எண்ணின மாதிரி இல்லை. எண்ணுறதுக்குச் சனம் ஒரு இடத்திலை நிக்க வேணுமே” என்றார்.

“பட்டியல் இருக்குமே, ஐயா?”

“பட்டியல் இருக்கும். ஆனால் பட்டியல் எண்டால் சனத்துக்கு இரண்டு மாதிரி. நிவாரணப் பட்டியல் எண்டால் இல்லாத பிள்ளையும் இருக்கும். ஆள் பிடிக்கிற பட்டியல் எண்டால் இருக்கிற பிள்ளையும் இராது.”

இந்த ஒரு வாக்கியத்தில் முழு சாஸ்திரமும் அடங்கியிருக்கிறது. கடைசி வருஷங்களில் புலிகள் வீட்டுக்கு ஓர் ஆள் என்று கட்டாயமாகப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பெயரைச் சொன்னால் அரிசி கிடைக்கும்; அதே பெயரைச் சொன்னால் மகன் போய்விடுவான். அப்படியொரு வாசலில் நின்று, “வீட்டில் எத்தனை பேர்?” என்று கேட்டால் தாய் என்ன பதில் சொல்வாள்?

2008-ஆம் வருஷத்தில் ராணுவம் மேற்கே மன்னார்ப் பக்கத்திலிருந்து முன்னேற முன்னேற, ஜனங்கள் கிழக்கே நகர்ந்தார்கள். முதலில் கிளிநொச்சிக்கு, பிறகு தர்மபுரம், விசுவமடு, அதற்கும் பிறகு உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு. ஒரே குடும்பம் ஐந்து தடவை, ஆறு தடவை, பத்துத் தடவை பெயர்ந்தது. கூரைத் தகடு, கிடுகு, கிணற்று வாளி, சைக்கிள், தரப்பாள் என்று ஆரம்பத்தில் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போனவர்கள், ஒவ்வொரு பெயர்ச்சியிலும் சிலவற்றை விட்டுப் போனார்கள்.

செப்டம்பர் மாதம் கொழும்பு அரசாங்கம் ஐக்கிய நாடுகள் சபையையும் வெளிநாட்டு நிவாரண ஸ்தாபனங்களையும் வன்னியை விட்டு வெளியேறச் சொல்லிவிட்டது. பாதுகாப்புக்கு உத்தரவாதம் தர முடியாது என்பது காரணம். 16-ந் தேதி ஐ.நா. வண்டிகள் கிளிநொச்சியை விட்டுப் புறப்பட்டன. போக வேண்டாம் என்று ஜனங்கள் வாசலில் நின்று கெஞ்சினார்கள். செஞ்சிலுவைச் சங்கம் போல ஒன்றிரண்டு ஸ்தாபனங்களே தங்கின. வண்டிகள் போனதோடு வெளியார் கண்ணும் போய்விட்டது. அதற்குப் பிறகு கணக்குச் சொல்லக் கூடியவர்களாக அங்கே மிஞ்சியவர்கள் கச்சேரி உத்தியோகஸ்தர்கள்தாம். அக்டோபர் ஆரம்பத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு இரண்டு கச்சேரிகளின் கணக்கையும் கூட்டினால் 4,29,059 பேர் வன்னியில் இருந்தார்கள். இந்த எண்ணை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

2009 ஜனவரி 2-ந் தேதி கிளிநொச்சி விழுந்தது. அதே மாதம் பாதுகாப்பு வலயம் என்று ஒரு துண்டு நிலத்தை அரசாங்கம் அறிவித்தது. பிப்ரவரியில் அது கடலோரம் புதுமாத்தளனுக்கு நகர்ந்தது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் நந்திக்கடல், நடுவில் மணல். ஜனங்கள் அங்கே நெருக்கியடித்துக்கொண்டார்கள். அந்த வலயத்துக்குள்ளும் குண்டு விழுந்தது. தப்பி ஓடப் பார்த்தவர்களைப் புலிகள் தடுத்தார்கள், சுட்டும் இருக்கிறார்கள். இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை விழுங்குகிறவர்கள் நம்மிடையே இரு தரப்பிலும் ஏராளமாக இருக்கிறபடியால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இப்போது எத்தனை பேர் உள்ளே? முல்லைத்தீவின் மேலதிக அரசாங்க அதிபர் பிப்ரவரியில் சொன்ன கணக்கு, 81,000 குடும்பங்கள். ஆள் கணக்கில் 3,30,000. ஐ.நா. சபை இரண்டரை லட்சம் என்று மதிப்பிட்டது. கொழும்பு அரசாங்கம் சொன்னது 70,000. தன் கீழ் உத்தியோகஸ்தர், தன்னிடம் சம்பளம் வாங்குகிறவர், அந்த மணலில் தானும் பதுங்கு குழியில் இருந்துகொண்டு அனுப்பிய கணக்கை அதே அரசாங்கம் ஏற்றுக்கொள்ளவில்லை. பிப்ரவரி 18-ந் தேதி நம்முடைய வெளிநாட்டு மந்திரி பிரணாப் முகர்ஜி டில்லி பார்லிமெண்டில் எழுந்து நின்று, சுமார் 70,000 பேர் சிக்கியிருப்பதாகச் சொன்னார். கடல் தாண்டி வந்தும் எண் மாறவில்லை.

இதன் விளைவைக் காகிதமும் பென்சிலும் எடுத்து யாரும் போட்டுப் பார்க்கலாம். ஓர் ஆளுக்கு நாளைக்கு அரைக் கிலோ தானியம் என்று வைத்துக்கொள்வோம். 70,000 பேருக்கு 35 டன். 3,30,000 பேருக்கு 165 டன். அந்த 35 டன்னைக் கொண்டுபோய் 3,30,000 பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு நூறு கிராமுக்குச் சற்று மேலே வரும். அதுவும் கப்பல் தவறாமல் வந்து, இறக்குகிற இடத்தில் ஷெல் விழாமல் இருந்தால்! மருந்துக்கும் இதே பெருக்கல்தான். மயக்க மருந்து போதவில்லை, ரத்தம் போதவில்லை என்று டாக்டர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். செஞ்சிலுவைச் சங்கம் பிப்ரவரி 10 முதல் மே 9 வரை கப்பலில் ஏற்றிக் கரை சேர்த்த நோயாளிகள், காயம்பட்டவர்கள், துணைக்கு வந்தவர்கள் மாத்திரமே ஏறக்குறைய 14,000 பேர். எழுபதாயிரம்தான் மொத்தம் என்றால், ஐந்தில் ஒருவர் கப்பலேறினார் என்று ஆகிறது. இந்தக் கணக்கைக் கொழும்பில் யாரும் போட்டுப் பார்க்கவில்லையா? பார்த்திருப்பார்கள். பார்க்கத் தெரியாதவர்கள் அல்ல அவர்கள்.

ஏப்ரல் 20-ந் தேதி ராணுவம் புதுமாத்தளன் மண் அணையை உடைத்துக்கொண்டு உள்ளே போயிற்று. சில நாட்களுக்குள் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் நீரேரியைக் கடந்து வெளியே வந்தார்கள். எழுபதாயிரம் பேரிலிருந்து ஒரு லட்சம் பேர் வந்தார்கள்! அதோடாவது பழைய எண் செத்திருக்க வேண்டும். ஆனால் அது மறு பிறவி எடுத்தது. ஏப்ரல் கடைசியில், இன்னும் உள்ளே இருப்பவர்கள் பத்தாயிரத்துக்குள்தான் என்று அரசாங்கத் தரப்பில் சொன்னார்கள். ஐ.நா. சபையின் உள் காகிதம் ஒன்றில் ஏப்ரல் 27-ந் தேதிக்கு இருந்த எண் 1,27,177. மே 18-ந் தேதி யுத்தம் முடிவதற்குள் அந்தக் கடைசி மூலையிலிருந்து ஒரு லட்சத்துக்கு மேலானவர்கள் வெளியே வந்தார்கள். ஆக, எந்தக் காகிதம் உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது என்பதில் சந்தேகம் இல்லை.

அந்த உள் காகிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கொழும்பிலிருந்த ஐ.நா. ஊழியர்களில் சிலர், இறந்தவர்களுக்கும் கணக்கு வைத்திருந்தார்கள். உள்ளேயிருந்து வரும் செய்திகளை ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்து, ஊர்ஜிதமானவற்றை மட்டும் எழுதிக்கொண்டார்கள். 2008 ஆகஸ்டு முதல் 2009 மே 13 வரை 7,721 பேர் மாண்டார்கள், 18,479 பேர் காயமடைந்தார்கள் என்று அதில் இருந்தது. சபை அதைப் பகிரங்கமாக வெளியிடவில்லை. முழுவதும் சரிபார்க்க முடியவில்லை என்பது காரணம். 2012 நவம்பரில் சார்ல்ஸ் பெட்ரீ தலைமையில் சபை தன்னைத் தானே விசாரித்துக்கொண்டபோது, இந்த மௌனத்தையும் ஒரு தோல்வி என்று அந்த அறிக்கை எழுதிற்று.

நம்பத் தகுந்த கணக்கு வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. வாத்தியார் அல்லவா, தப்புக் கணக்கைக் கண்டால் எனக்குக் கை துறுதுறுக்கும். ஆனால், வன்னியில் நடந்தது வேறு. ஜாக்கிரதையாக எண்ணியவர்கள் வாயைத் திறக்கவில்லை. எண்ணாதவர்கள் தாராளமாகப் பேசினார்கள். சபையில் கேட்டது அவர்கள் குரல்தான். உள்ளே வைத்தியம் பார்த்து, காயம்பட்டவர்களின் தொகையைத் தொலைபேசியில் சொல்லி வந்த டாக்டர்கள் வெளியே வந்ததும் காவலில் வைக்கப்பட்டார்கள். ஜூலை மாதம் பத்திரிகைக்காரர்களுக்கு முன்னால் உட்கார வைக்கப்பட்டு, தாங்கள் சொன்ன தொகை எல்லாம் புலிகளுக்குப் பயந்து கூட்டிச் சொன்னவை என்றார்கள். அவர்கள் அங்கே பயந்தது உண்மையா, இங்கே பயந்தது உண்மையா? எண்ணுகிறவனுக்கும் உயிர் ஒன்றுதான்.

வெளியே வந்தவர்களை வவுனியாவுக்கு மேற்கே செட்டிகுளத்தில் மெனிக் பாம் என்ற இடத்தில் காட்டை வெட்டி முள்வேலிக்குள் வைத்தார்கள். ராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசுவாமி என்று வலயங்களுக்குப் பெயர். தமிழர்களில் இப்படிப் பெரியவர்கள் இருந்தார்கள் என்பது இந்த இடத்தில்தானா ஞாபகத்துக்கு வர வேண்டும்! இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் ஒரே சமயத்தில் அங்கே இருந்தார்கள். இங்கே எண்ணுவது சுலபம். வேலி இருக்கிறது, துப்பாக்கி இருக்கிறது. ஆனால் தாய் ஒரு வலயம், பிள்ளை ஒரு வலயம், புருஷன் ஆஸ்பத்திரியில், அண்ணன் சந்தேகத்தின் பேரில் வேறு முகாமில். நம் ஜனங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துத்தான். அதைச் சிங்களத்தில் ஒரு குமாஸ்தா எழுதி, இங்கிலீஷில் இன்னொருவர் எழுதினால் ஒரே ஞானசேகரம் மூன்று பேராக ஆகிவிட மாட்டாரா? ஒரே அடுப்பு, ஒரே குடும்பம் என்ற என் பழைய பாடம் இங்கே எடுபடாது. ஆரம்பத்தில் அடுப்பே கிடையாது. பொதுச் சமையல், வரிசையில் நின்று வாங்கிக்கொள்ள வேண்டும்.

2009-ஆம் வருஷம் நடுவில், வெளியே வந்து பதிவானவர்கள் என்று ஐ.நா. சொன்ன தொகை 2,82,380.

2011 ஜனவரியில் மன்னார் பிஷப் ராயப்பு யோசேப்பு, அரசாங்கம் நியமித்த விசாரணைக் கமிஷனுக்கு முன்னால் போய் ஒரு சாதாரணக் கழித்தல் கணக்கைப் போட்டுக் காண்பித்தார். அக்டோபரில் கச்சேரிக் கணக்குப்படி இருந்தவர்கள் 4,29,059. வெளியே வந்தவர்கள் 2,82,380. மீதி 1,46,679. இவர்களுக்கு என்ன ஆயிற்று? பிஷப் கேட்டது இவ்வளவுதான். அத்தனை பேரும் கொல்லப்பட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை. பின்னால் மேடையில் பேசினவர்கள் அப்படிச் சொன்னார்கள். அந்த வித்தியாசம் முக்கியமானது.

கழித்தலில் மேலே இருக்கிற எண்ணைக் குறை கூற முடியும். நிவாரணத்துக்காகப் பதிந்த பட்டியலில் கூடுதல் பெயர்கள் இருந்திருக்கக் கூடும். திருச்சிப் பெரியவர் சொன்னாரே, இல்லாத பிள்ளை, அது. கீழே இருக்கிற எண்ணையும் குறை கூற முடியும். பதிவாகாமல் தப்பியவர்கள், பணம் கொடுத்து முகாமை விட்டுப் போனவர்கள், படகேறி இந்தியாவுக்கு வந்தவர்கள் என்று சிலரைச் சேர்க்க வேண்டும். எல்லாவற்றையும் தாராளமாகத் தள்ளிக் கொடுத்த பிறகும் ஒரு பெரும் தொகை நிற்கிறது. ஐ.நா. பொதுச் செயலாளர் நியமித்த மூவர் குழு 2011-இல், இறந்த பொது ஜனங்கள் நாற்பதாயிரம் வரை இருக்கலாம் என்பதைத் தள்ளிவிட முடியாது என்றது. 7,721, நாற்பதாயிரம், 1,46,679! ஒரே மணல் திட்டைப் பற்றி மூன்று எண்கள். பிஷப் 2021-இல் காலமானார். அவருடைய கேள்விக்கு, இன்னார் இன்ன இடத்தில் என்று பெயர் சொல்லிப் பதில் எழுதி யாரும் கொடுக்கவில்லை.

2011-இல் அரசாங்கம் வடக்கு மாகாணத்தில் வீடு வீடாகப் போய் மரணக் கணக்கு ஒன்று எடுத்தது. முறைப்படிதான் எடுத்தார்கள். ஆனால் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டி, “இந்த வீட்டில் இறந்தவர் யார்?” என்று கேட்பதற்கு, பதில் சொல்ல ஒருவராவது மிஞ்சியிருக்க வேண்டும். குடும்பத்தோடு பதுங்கு குழியில் மூடப்பட்டவர்கள் எந்தக் கதவைத் திறப்பார்கள்?

இன்னொரு கூட்டத்தையும் இங்கே சொல்லாமல் விட்டால் நானும் தப்புக் கணக்கு எழுதியவன் ஆவேன். 1990 அக்டோபரில் புலிகள் வடக்கு மாகாணத்து முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேறச் சொன்னார்கள். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணி நேர அவகாசம். சுமார் 75,000 பேர் கட்டிய துணியோடு போய்ப் புத்தளத்தில் ஓலைக் கொட்டகை போட்டார்கள். தமிழ் பேசுகிறவர்கள்தாம் அவர்களும். 2009-க்குப் பிறகு நிவாரணக் கணக்கில் ‘பழைய இடம்பெயர்ந்தோர்’, ‘புதிய இடம்பெயர்ந்தோர்’ என்று இரண்டு பத்தி போட்டார்கள். 2008 ஏப்ரலுக்கு முன் ஓடினவர்கள் பழையவர்கள். புதியவர்களுக்கு முதல் கவனம்; பழையவர்கள் காத்திருக்கலாம். பதினெட்டு வருஷம் காத்திருந்தவர்களுக்குக் காத்திருப்பு பழகியிருக்கும் என்று நினைத்தார்கள் போலும். புத்தளத்தில் பிறந்து, மன்னாரைக் கண்ணால் பார்க்காமல் கல்யாண வயதுக்கு வந்த பெண்ணை எந்தப் பத்தியில் எழுதுவது? அவள் எந்த ஊரிலிருந்து இடம்பெயர்ந்தவள்?

மெனிக் பாம் முகாம் 2012 செப்டம்பரில் மூடப்பட்டது. இனிமேல் முகாமில் யாரும் இல்லை என்று அரசாங்கம் உலகத்துக்கு அறிவித்தது. கடைசியாகப் பஸ்ஸில் ஏற்றப்பட்டவர்களில் முல்லைத்தீவு ஜில்லா கேப்பாப்பிலவு ஜனங்கள் இருந்தார்கள். பஸ் அவர்கள் ஊருக்குப் போகவில்லை. ஊரில் ராணுவ முகாம் இருந்தது. பக்கத்தில் சீனியாமோட்டை என்ற இடத்தில் காட்டை வெட்டி இறக்கிவிட்டார்கள். மீள்குடியேற்றம் பூர்த்தி என்று பட்டியலில் எழுதியாயிற்று.

2017-ஆம் வருஷ ஆரம்பத்தில் கேப்பாப்பிலவுப் பெண்கள் பாயும் சட்டி பானையுமாக வந்து ராணுவ முகாமின் வாசலுக்கு எதிரே கொட்டகை போட்டு உட்கார்ந்தார்கள். உள்ளே தெரிவது தங்கள் வீட்டுத் தென்னை மரம் என்று, வந்து பார்த்தவர்களுக்குக் கையை நீட்டிக் காட்டினார்கள். அங்கேயே மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டிச் சமைத்தார்கள். பட்டியலின்படி அவர்கள் வீடு திரும்பி நாலு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.